கென்த்ஸுகியில் இருவர் ஏறக் கூடாது

எனக்கு ஜப்பானிய மொழியில் ஏழெட்டு வார்த்தைகள் தெரியும். வணக்கம், நன்றி, சாப்பிட்டாயா என்பதற்கெல்லாம் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டால் முழிப்பேன். தெரிந்த அத்தனையும் ஸ்கூட்டர் சம்பந்தப்பட்டவை. நான் ஜப்பானுக்குப் போனதில்லை, போகப்போவதும் இல்லை. காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளி, ஓய்வு பெறும் வயதுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட எனக்கு இந்த வார்த்தைகளால் காலணா பிரயோஜனம் இல்லை. ஆனாலும் அவை போக மாட்டேன் என்கின்றன. ரோட்டில் ஒரு வண்டி கடந்தால் போதும், வாய் தானாக முணுமுணுக்கிறது.

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுகிறவள் என் மனைவி. நான் பின்னால் உட்காருகிறவன். கல்யாணத்துக்கு முன் ஒரு சிநேகிதனின் வண்டியை வாங்கி ஓட்டிப் பார்த்ததுண்டு. கோட்டுச்சேரிமேட்டில் கருவாடு காயப்போட்டிருந்த பாயின் மேல் ஏற்றிவிட்டேன். அந்த அம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு விட்டவன்தான், ஹேண்டில்பாரைத் தொடவில்லை. மனைவிக்கு மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை கிடைத்ததும் அவளே ஒரு ஸ்கூட்டி வாங்கினாள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்த மறுநாளிலிருந்து, கோவில்பத்து வீட்டிலிருந்து என்னைக் கொண்டுபோய் அலுவலக வாசலில் இறக்கிவிட்டுத் தன் கடைக்குப் போவாள். "உற்சவமூர்த்தி எழுந்தருளிட்டாருப்பா" என்று அலுவலகத்தில் தினமும் ஒருத்தனாவது சொல்வான். சொல்லிவிட்டுப் போகட்டும். வெயிலில் பஸ்ஸுக்கு நின்றவனுக்குத்தான் தெரியும் அந்தப் பின் சீட்டின் அருமை.

வாங்கிய கொஞ்ச நாளிலேயே வலது பக்க இண்டிகேட்டர் ஒரு மாட்டுக் கொம்பில் இடித்து உடைந்துபோனது. சரி பண்ணலாம் என்றேன். "அதுக்கு வேற தண்டச் செலவா? அதான் நீங்க இருக்கீங்களே" என்றாள். அன்றிலிருந்து நான்தான் இண்டிகேட்டர். வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் அவள் தோளை லேசாக அசைப்பாள், நான் கையை நீட்டுவேன். பிறகு அது இரண்டு பக்கத்துக்கும் வழக்கமாகிவிட்டது. நல்லாயிருக்கிற இடது இண்டிகேட்டரைக்கூட அவள் போடமாட்டாள். போகிற வழியில் கண்ணில் படுவதையெல்லாம் அவள் காதில் போட்டுக்கொண்டே வருவதும் என் வேலை. இன்னார் வீட்டுக் கேட்டுக்குப் புதுப் பெயிண்ட், இன்னார் மாடியில் வாடகைக்கு போர்டு, இன்னார் பெண் மாசமாக இருக்கிறாள் போலிருக்கிறது. இப்படியே எங்கள் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த வண்டியில் போயிற்று.

எங்களுக்கு ஒரே பெண். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு பிரான்ஸிலிருந்து பென்ஷன் வரும், மீதிப் பாதியின் பிள்ளைகள் பாரீஸில் இருப்பார்கள். காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்து, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா, இந்தியா போதுமா என்று கேட்ட காலத்தில் என் அப்பா இந்தியா போதும் என்று சொல்லிவிட்டவர். அதனால் நர்சிங் முடித்த எங்கள் பெண்ணுக்கு அந்த வழி இல்லை. ஜப்பானில் முதியோர் இல்லங்களில் வேலை இருக்கிறது, பாஷை மட்டும் படிக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, அவள் படிக்க உட்கார்ந்தாள். கூடத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பாள். அவள் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க வண்டிப் படங்கள் இருந்தன. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டாள்.

"நம்ம வண்டிய அவங்க என்னடி சொல்லுவாங்க?"

"ஸுகூட்டா."

"போடி. நம்ம ஸ்கூட்டரையே ஜலதோஷம் புடிச்சவன் சொன்ன மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு என் மனைவிக்கு அது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. நின்றுகொண்டே ஒரு காலால் உந்திப் போகும் பிள்ளைகள் வண்டி கிக்குபோடோ. அதற்கே கரண்டு வைத்தால் தெந்தோ கிக்குபோடோ. சாய்ந்து உட்கார்ந்துகொண்டு போகிற பெரிய தடியன் வண்டி பிக்கு ஸுகூட்டா. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு விமர்சனம் வைத்திருப்பாள். நமக்கு எல்லாமே வண்டிதான், இந்த ஜப்பான்காரர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று நான் சலித்துக்கொள்வேன். எதிர்வீட்டு பிரெஞ்சு பென்ஷன்காரர் இரண்டு சக்கரத்தில் எது ஓடினாலும் 'மொபிலெத்' என்று ஒரே பெயரில் முடித்துவிடுகிற மனுஷர். அவரும் என் கட்சி.

பெண் கிளம்பிய அன்று, அவளைப் பின்னால் உட்காரவைத்து ரயிலடிக்கு அழைத்துப்போனவள் அவள் அம்மாதான். நான் பெட்டிகளோடு ஆட்டோவில் பின்தொடர்ந்தேன். திரும்புகிற இடத்தில் பெண் கையை நீட்டியது ஆட்டோவிலிருந்து தெரிந்தது. சின்ன வயதிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவள்தானே. ரயில் போன பிறகு மனைவி அழவில்லை, நான்தான் அழுதேன். "ஏறுங்க, ஆபீசுக்கு லேட்டாவுது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெண் வீடியோவில் வருவாள். அங்கே அப்போது சாயங்காலம். ஒரு சின்ன ஊர், மலை, குளிர், எங்கே பார்த்தாலும் வயதானவர்கள். தங்குகிற இடத்திலிருந்து இல்லத்துக்குப் போக அவளே ஒரு வண்டி வாங்கியிருந்தாள். அதற்குப் பெயர் கென்த்ஸுகி. சின்ன எஞ்சின், வெள்ளை நம்பர் பிளேட், முப்பதுக்கு மேல் போகக் கூடாது. "பின்னாடி யாரையும் ஏத்தவும் கூடாதும்மா. கென்த்ஸுகின்னா ஒரு ஆள்தான். போலீஸ் புடிச்சுடும்" என்றாள். நம் வண்டி அங்கே இருந்தால் அது இரண்டாம் வகை, பிளேட்டே ரோஸ் கலர், அதில் இரண்டு பேர் போகலாமாம். இரண்டு பேராகப் போவதற்கென்றே ஒரு வார்த்தை இருக்கிறது: ஃபுதாரி நோரி.

மனைவிக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போயிற்று. மறுநாள் காலையில் "வாங்க, ஃபுதாரி நோரி போவோம்" என்று சொல்லித்தான் வண்டியை எடுத்தாள். ஆனால் போன் வைத்த உடனே அவள் கேட்டது வேறு. "அப்ப எம்பொண்ணு அந்தக் குளிர்ல எப்பவும் தனியாத்தான் போவாளா?" சட்டம் அப்படி என்றேன். "என்ன சட்டமோ எழவோ" என்றாள்.

அந்த மழைக்காலத்தில்தான் அவளுக்குக் கால் தடுமாற ஆரம்பித்தது. சிக்னலில் வண்டியை நிறுத்தினால் இடது கால் ஊன்றாமல் மடங்கும். செருப்பைக் குறை சொன்னாள், ரோட்டைக் குறை சொன்னாள், என் எடையைக்கூடக் குறை சொன்னாள். ஒருநாள் அலுவலக வாசலிலேயே இருவரும் விழுந்தோம். புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏதேதோ டெஸ்ட் எடுத்தோம். நரம்பு சம்பந்தப்பட்ட வியாதி, காலில் தொடங்கி மெல்ல மேலே ஏறும், மருந்து கிடையாது என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் டெஸ்ட் காகிதங்களையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள்தான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்து, "கடலூர் இவ்ளோ பெரிய ஊரா?" என்றாள்.

பெண் உடனே கிளம்பி வருகிறேன் என்று அழுதாள். இவள் ஒப்பவில்லை. "நீ வந்து என்னடி பண்ணப் போற? அங்க கத்துக்கிட்டத போன்ல உங்கப்பாவுக்குச் சொல்லு. அவரு செய்வாரு. கடைசியில கூப்பிடுறேன், வா" என்றாள். அப்படித்தான் நடந்தது. "அப்பா, உங்க முட்டிய அம்மா முட்டியோட ஒட்டி வைங்க, இடுப்புல கை போட்டுத் திருப்புங்க" என்று அவள் அங்கிருந்து சொல்ல, நான் இங்கே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றப் பழகினேன். அங்கே யார் யாரையோ பெற்ற அம்மாக்களைக் குளிப்பாட்டிவிட்டு வந்து, தன் அம்மாவை எப்படிக் குளிப்பாட்டுவது என்று எனக்குச் சொல்லிக்கொடுப்பாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வண்டிக்குப் பக்கச் சக்கரம் வைத்துக்கொள்ளலாம் என்று மெக்கானிக் சொன்னார். முதலில் மாட்டேன் என்றாள். சரி என்று சொன்னபோது கை பிரேக்கைப் பிடிக்கவில்லை. அன்று சாயங்காலம் வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள்.

"நீங்க கத்துக்குங்க."

"இந்த வயசுலயா?"

"எனக்கு ஒரே ஆசைதாங்க. ஒரு நாளாவது பின்னால ஒக்காந்து ஊரைச் சுத்திப் பாக்கணும். இத்தனை வருஷமா நான் ரோட்டத்தான் பாத்தேன். ஊர எங்க பாத்தேன்? நீங்க சொல்லிச் சொல்லித்தானே எனக்கு ஊரே தெரியும்."

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை உண்டு. எதிர்வீட்டு பென்ஷன்காரர் பின்னால் பிடித்துக்கொள்ள, தினமும் காலையில் அதில் சுற்றினேன். அவளை நாற்காலியோடு வாசலில் உட்காரவைத்திருப்பேன். அங்கிருந்தே அதிகாரம் தூள் பறக்கும். "முன்னால பாருங்க! எவன் வீட்டு மாடியில என்ன காயுதுன்னு பாக்காதீங்க!" என் பிரச்சினை பயம் மட்டுமில்லை. திரும்புகிற இடம் வந்தால் கை ஹேண்டில்பாரை விட்டுவிட்டு நீண்டுவிடும். இத்தனை வருஷமாகப் பின்னால் உட்கார்ந்து பழகிய கை. வண்டி ஆடும், பென்ஷன்காரர் பிரெஞ்சில் கத்துவார், அவள் வாசலில் சிரிப்பாள். வியாதி வந்த பிறகு அவள் வயிறு குலுங்கச் சிரித்தது அந்த நாட்களில்தான்.

லைசென்ஸுக்கு எட்டு போட்டுக் காட்டப் போனபோதும் அதே கதை. எட்டின் நடுவில் கையை நீட்டினேன், கால் ஊன்றிவிட்டது. "பெரியவரே, யாருக்குக் கை காட்டுறீங்க? இங்க யாரும் வரலையே" என்றார் இன்ஸ்பெக்டர். இரண்டாவது தடவை எப்படியோ முடித்தேன். லைசென்ஸ் கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை போனில் பெண்ணுக்குக் காட்டினேன். அவள் கை தட்டினாள். பிறகு விளையாட்டாகச் சொன்னாள்:

"ஆனா இங்கயா இருந்தா, லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆவுற வரைக்கும் ஃபுதாரி நோரி கூடாதுப்பா. ரோஸ் பிளேட்டா இருந்தாலும் கூடாது."

மனைவி அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டாள். "அதாங்க சரி. அவங்க விவரமானவங்க. ஒங்கள நம்பி இப்பவே ஏறி நான் விழறதுக்கா? ஒரு வருஷம் ஓட்டுங்க. அப்பறம் ஏறுறேன்."

அப்போதே அவளுக்கு முதுகு நிற்காது. தலையணை அண்டை கொடுக்காமல் உட்கார முடியாது. பின் சீட்டில் ஏற்றுவது என்பது நடக்கிற காரியமில்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், கேட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கும் தெரியும். முடியவில்லை என்று சொல்வதற்குப் பதிலாக ஜப்பான்காரன் சட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிடுவது எங்கள் மூன்று பேருக்கும் வசதியாக இருந்தது. "சரி, ஒரு வருஷம்" என்றேன். ஒரு வருஷத்துக்கு அவள் இருக்க வேண்டுமே.

அந்த நாட்களில் பெண் சொன்ன இன்னொரு வார்த்தை ஷினியா கா. வயதானவர்கள் உட்கார்ந்து போகிற நாலு சக்கர பேட்டரி வண்டி. முன்னால் ஹேண்டில்பார், சின்னக் கூடை. அவள் இல்லத்துப் பாட்டிகள் அதில்தான் கடைக்குப் போய் முள்ளங்கி வாங்கி வருவார்களாம். லைசென்ஸ் வேண்டாம், பிளேட் வேண்டாம், நடைபாதையில்தான் போக வேண்டும். "ஏன்னா சட்டப்படி அது வண்டியே இல்லம்மா. அதுல போறவங்க நடந்து போறவங்க கணக்கு."

மனைவி கேட்டாள்: "அப்ப அதுல ஒக்காந்தா நான் நடக்குறேன்னு அர்த்தமா?"

"ஆமாம்மா. நடக்குறன்னுதான் அர்த்தம்."

அந்த வண்டியை இங்கே எங்கே வாங்குவது, வாங்கினாலும் நடைபாதைக்கு எங்கே போவது? பங்குக் கோயிலில் இரவல் கொடுத்த சக்கர நாற்காலிதான் எங்களிடம் இருந்தது. அதற்கு அவள் ஷினியா கா என்று பெயர் வைத்தாள். சாயங்காலங்களில் அவளைத் துண்டால் நாற்காலியோடு கட்டி, தெருக் கோடி வரை தள்ளிக்கொண்டு போவேன். வழியில் கண்ணில் படுவதைச் சொல்வேன். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், ஒரு பக்கத்து வீடுகள்தான் அவளுக்குத் தெரியும். அதனால் போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம். வீட்டுக்குத் திரும்பியதும் தினமும் ஒரே வாக்கியம் சொல்வாள். பேச்சு குழறத் தொடங்கிய பிறகும் சொன்னாள். "இன்னைக்குக் கோடி வரைக்கும் நடந்தேன்னு பொண்ணுகிட்ட சொல்லுங்க."

பிறகு சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. கூப்பிடுகிறேன் வா என்று சொல்லியிருந்தாள் அல்லவா, நானே பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் லீவு வாங்கிக் கிளம்பினாள். கிளம்பும் முன் வீடியோவில் அம்மாவைப் பார்த்தாள். மனைவியின் உதடு அசைந்தது. நான் காதை வைத்துக் கேட்டுச் சொன்னேன்: "நாங்க ரெண்டு பேரும் ஃபுதாரி நோரில ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போவோம்னு சொல்றாம்மா."

பெண் விமானத்தில் இருக்கும்போதே அவள் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தனியாகப் பிரயாணம் வருகிறவர்களிடம் சாவைச் சொல்ல மாட்டார்கள். சீரியஸ், உடனே வா என்பார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அதைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. சென்னையில் இறங்கிப் பெண் போன் செய்து, "அம்மா எப்படி இருக்காங்க?" என்றபோது, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "தூங்குறாம்மா. ரயில் ஏறு, நான் ஸ்டேஷனுக்கு வந்துடுறேன்" என்றேன்.

காலையில் நான் சாவியை எடுத்தபோது வீடு நிறைய உறவுக்காரர்கள். "வீட்ல கெடத்தி வச்சிக்கிட்டு வண்டி எடுத்துக்கிட்டுப் போறாரு பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. மைத்துனர் கையைப் பிடித்தார். "மச்சான், நான் காரை எடுத்துக்கிட்டுப் போறேன், நீங்க இருங்க." நான் கையை விடுவித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். வாக்குக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தராவது போக வேண்டாமா?

ரயிலடியில் பெண் வெளியே வந்தாள். முதுகில் ஒரு பை, கையில் ஒரு பை, அவ்வளவுதான். நான் ஹெல்மெட்டோடு ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். காலியாக இருந்த பின் சீட்டைப் பார்த்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்தவள் அதில் வரமாட்டாள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சாவியை நீட்டினேன், அவள்தான் நன்றாக ஓட்டுகிறவள்.

"இல்லப்பா. நீங்க ஓட்டுங்க" என்றாள்.

பையைக் காலடியில் வைத்துவிட்டுப் பின்னால் ஏறினாள். கோவில்பத்துக்குத் திரும்புகிற இடத்தில் என் கை வழக்கம்போல ஹேண்டில்பாரை விடப் பார்த்தது. அதற்குள் பின்னாலிருந்து அவள் கை நீண்டிருந்தது. நான் திரும்பினேன். அப்போதுதான் அவள் என் முதுகில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள். தெருமுனையில் போட்டிருந்த பந்தல் அவளுக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்திருக்கும்.

அடக்கம் முடிந்தது, லீவு முடிந்தது, பெண் திரும்பிப் போனாள். என்னோடு வந்து இருங்கள் என்று கூப்பிட அவளுக்கு அங்கே வழியில்லை. இங்கேயே இரு என்று சொல்ல எனக்கு மனசில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறோம். அவள் அங்கே கென்த்ஸுகியில் போகிறாள். பனி பெய்தால் தள்ளிக்கொண்டு போகிறாளாம். எங்கள் வண்டி ரோஸ் பிளேட் வகைதான், இரண்டு பேர் போகலாம். ஆனால் ஏற ஆள் வேண்டும். அலுவலகத்தில் இப்போது உற்சவமூர்த்தி என்று யாரும் சொல்வதில்லை.

போன மாதம் எனக்கு லைசென்ஸ் கிடைத்து ஒரு வருஷம் முடிந்தது. அன்று அலுவலகத்துக்குப் போகாமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கொஞ்சம் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து ஜெபம் சொல்லிவிட்டு வெளியே வந்து, வேப்பம்பூ உதிர்ந்து கிடந்த பின் சீட்டைத் துண்டால் துடைத்தேன். ஒரு வருஷம் ஆயிடுச்சு, ஏறு என்று வாய்விட்டுச் சொன்னேன். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தான், பார்க்கட்டும். ஏறி உட்காருகிற நேரம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். கடற்கரைச் சாலை, கடைத்தெரு, ரயிலடி என்று முப்பதைத் தாண்டாமல் ஊரை ஒரு சுற்று சுற்றினேன். அவளுக்கு ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தால் எனக்கு ஒன்றுமே கண்ணில் படவில்லை. வீடு வந்து சேருகிற வரைக்கும் நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.